‘ஃபைன் கட்டினால் முடிந்தது’ என்கிறார்கள்: சிறிய வழக்குக்கு வக்கீல் தேவையா?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து 25 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். டிப்ளமோ முடித்துத் தனியார் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் வாசலில் சாக்கடை நீர் தேங்கியதில் பக்கத்து வீட்டுக்காரருடன் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது. “கோபத்தில் நான் அவரைத் தள்ளியது உண்மை. அம்மா விலக்கிவிடத்தான் வந்தார்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றுப் புகார் கொடுத்தார். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 296(பி), 115(2), 351(2) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. இவர் ஏ-1 (முதல் எதிரி), 54 வயதுத் தாயார் ஏ-2 (இரண்டாம் எதிரி). இருவரும் காவல் நிலையத்திலேயே பிணையில் விடப்பட்டார்கள். இவர் கொடுத்த எதிர்ப்புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. இப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ஆஜராக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

“குத்தத்தை ஒத்துக்கிட்டு ஆளுக்கு ரெண்டாயிரம் ஃபைன் கட்டிடுங்க, அரை நாள்ல முடிஞ்சிடும்” என்று ஏட்டு சொல்கிறாராம். வக்கீல் ஒருவர் 25,000 ரூபாய் கேட்டிருக்கிறார். “வக்கீல் வைத்தாலே தப்பு செய்தவன் என்று ஆகிவிடாதா? பக்கத்து வீட்டுக்காரரே சமாதானத்துக்குத் தயார். அவர் புகாரை வாபஸ் வாங்கினால் போதாதா? அம்மாவை நீதிமன்றப் படியேற்றாமல் முடிக்க வழி உண்டா?” என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கறிஞர் குற்றப்பத்திரிகை உள்ளிட்ட வழக்கு நகல்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும்வரை நீங்களோ அம்மாவோ குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். முழு வழக்குக்கும் வக்கீல் வைப்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

ஃபைன் கட்டுவது என்றால் என்ன

ஹெல்மெட் போடாததற்குச் சாலையில் கட்டும் அபராதமும் ஏட்டு சொல்லும் ஃபைனும் ஒன்றே என்று நினைத்துவிட்டீர்கள். நீதிமன்றத்தில் “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்” என்று சொன்னதும், மாஜிஸ்திரேட் அதை ஏற்றால், நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. அபராதம் அந்தத் தீர்ப்பில் வரும் தண்டனை. தொகை நூறு ரூபாயானாலும் பதிவேட்டில் தண்டனை பெற்றவர் என்றுதான் இருக்கும். ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனையை எதிர்த்து, தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்ற இரண்டைத் தவிர வேறு எதற்காகவும் மேல்முறையீடு செய்ய முடியாது. “விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன்” என்று பிறகு போய் நின்றால் கேட்பதற்கு அநேகமாக ஆளிருக்காது.

உங்கள் நிலையில் இது இரட்டிப்பாக முக்கியம். அரசுப் பணிக்கான விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் வழக்கு, கைது, தண்டனை பற்றிக் கேட்பார்கள். கேட்ட இடத்தில் மறைத்தால், சின்ன வழக்குகூடப் பெரிய தடையாகிவிடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது: அற்பமான வழக்கை மறைத்திருந்தால் நியமன அதிகாரி மன்னிக்கலாம், உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் முன்வரலாற்றை எடைபோடலாம். ஆகவே மறைப்பது ஒரு வழியே அல்ல. வழக்கு எப்படி முடிந்தது என்று எழுதப்போகிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. காவல் பணிக்கு இன்னும் கடுமை உண்டு. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சியானதால் விடுவிக்கப்பட்டவரும்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார்கள். “விடுதலை ஆனால் போதும்” என்பது எஸ்.ஐ. தேர்வு எழுதும் உங்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. எந்தக் காரணத்தால் விடுதலை என்பதையும் பார்த்து வழக்கை நடத்த வேண்டும்.

ஏட்டு கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு கோப்பு முடிகிறது. அந்தத் தீர்ப்போடு வாழப்போவது நீங்கள்.

“தள்ளியது உண்மைதானே, மறுத்தால் பொய் ஆகாதா?” என்ற தயக்கமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆகாது. குற்றத்தை மறுப்பது என்றால் “நிரூபியுங்கள்” என்று அரசுத் தரப்பைக் கேட்பது. அது சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. நீங்கள் தள்ளியதும், குற்றப்பத்திரிகையில் இருக்கும் அத்தனையும் ஒன்றல்ல. வக்கீல் வைப்பதும் அப்படித்தான். கைதானவருக்குத் தன் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவே தருகிறது. அதை எந்த நீதிமன்றமும் குற்ற ஒப்புதலாகப் பார்க்காது.

மூன்று பிரிவுகளின் எடை

115(2), காயம் ஏற்படுத்துதல்: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 351(2), மிரட்டல்: இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 296(பி), பொது இடத்தில் ஆபாசச் சொல்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றும் பிணையில் விடக்கூடியவை. இந்த அளவுக்கு சிறைக்குப் போக நேர்வது அரிது என்றாலும், சட்டத்தில் சிறை என்று எழுதியிருக்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

சம்மனையும் குற்றப்பத்திரிகையையும் வரி வரியாகப் பாருங்கள், முக்கியமாக அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை. 351(2) என்பது 351(3) ஆகியிருந்தால் அது கொலை மிரட்டல், ஏழாண்டு வரை சிறை. 115(2)க்குப் பதில் 118(1) இருந்தால் ஆயுதத்தால் காயம், மூன்றாண்டு வரை. புகார்தாரர் வீட்டுப் பெண் யாராவது பெயர் கொடுத்து, பெண்களுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. எஃப்.ஐ.ஆரில் இருந்த பிரிவுகள் குற்றப்பத்திரிகையில் மாறுவது உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்று வந்திருந்தால், வக்கீல் வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம், வையுங்கள்.

தெருச்சண்டை வழக்கு என்றால் 296(பி) ஏறக்குறைய எப்போதும் வந்து உட்கார்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. 115(2) பிரிவில் மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. 296 அப்படிப்பட்ட தடை இல்லாத பிரிவு. அது ஒன்று சேர்ந்தால் முழு வழக்கையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். ஆனால் நிரூபிக்கும்போது மிகவும் பலவீனமாக நிற்பதும் அதுவே. திட்டியது மட்டும் ஆபாசமாகிவிடாது; என்ன சொல் என்று பதிவாகியிருக்க வேண்டும், பொது இடமாக இருக்க வேண்டும், கேட்டவர்களுக்கு அது தொல்லை தந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதே குற்றத்துக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 294(பி) குறித்து இதை உறுதியாகச் சொன்னது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போனதும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கோர்ட்டில் அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். “தெரிந்த ஒருவர் கையால் தாக்கியதாக” என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் இருவர் அடித்ததாக இருந்தால், அம்மாவின் பெயர் பிறகு சேர்க்கப்பட்டது என்று வாதிட இடம் கிடைக்கிறது. என்ன காயம், எத்தனை மணிக்கு வந்தார், புகார் எத்தனை மணிக்குப் பதிவானது என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதும், சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் சரியான வரிசையில் கேட்பதும் பயிற்சி வேண்டிய வேலை. தானே வழக்கை நடத்துபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது குறுக்கு விசாரணையில்தான். கேள்வி கேட்பதற்குப் பதில் சாட்சியோடு சண்டை போடுவார்கள்; தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டு அதுவரை பதிவாகாத விஷயத்தைத் தாங்களே பதிவாக்கிவிடுவார்கள்.

சமாதானம் எதுவரை போகும்

பக்கத்து வீட்டுக்காரர் மனம் இறங்கியிருப்பது நல்ல செய்தி. ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவாகிக் குற்றப்பத்திரிகையும் தாக்கலான பிறகு அது அவர் வழக்கு அல்ல, அரசின் வழக்கு. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து வாபஸ் வாங்க முடியாது. நீதிமன்றத்தில் சமரச மனு போட வேண்டும்.

115(2), 351(2) இரண்டையும் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். நீதிமன்றத்தின் தனி அனுமதிகூடத் தேவையில்லை. அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். மக்கள் நீதிமன்றத்திலும் இவற்றை முடிக்கலாம். சிக்கல் 296(பி)யில் இருக்கிறது. அது சமரசப் பட்டியலில் இல்லை. மற்ற இரண்டும் போனாலும் அது தனியே நிற்கும். பலர் இங்கேதான் “இது ஒண்ணுக்கு மட்டும் ஃபைன் கட்டிடலாம்” என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் ஆபாசப் பிரிவில் தண்டனை பெற்றவர்களாக வெளியே வருகிறார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மாஜிஸ்திரேட் முன்னிலையிலேயே எதிர்கொள்வது. உங்கள் வழக்கு சம்மன் வழக்கு, அதாவது இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய குற்றங்களுக்கான வழக்கு; குற்றச்சாட்டின் சாரத்தைப் படித்துக்காட்டிக் கேட்கும் கட்டத்தில், அடிப்படையே இல்லை என்று மாஜிஸ்திரேட் கருதினால் காரணம் எழுதி விடுவிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 274ஆவது பிரிவு இப்போது சொல்கிறது. அம்மாவுக்கு இதைக் கேட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பிருப்பதாக நினைக்கிறேன். இரண்டு, இரு தரப்பும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து சென்னை உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528ஆவது பிரிவின்கீழ் முழு வழக்கையும் ரத்து செய்யக் கோருவது. சமரசப் பட்டியலில் இல்லாத தனிப்பட்ட தகராறுகளையும் உயர் நீதிமன்றம் இப்படி ரத்து செய்யலாம் என்று 2012இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாவது வழிக்குச் செலவு கூடுதல். ஆனால் எஸ்.ஐ. தேர்வை மனத்தில் வைத்திருக்கும் உங்களுக்கு, புகார்தாரர் கூண்டில் ஏறி “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று பிறழ்சாட்சியாவதைவிட இது எவ்வளவோ மேல். அப்படிச் சொல்லச் சொல்லி அவரைக் கேட்கவும் கூடாது. பொய்சாட்சி சொல்வது தனிக் குற்றம்.

சமாதானம் பேசும்போது நேரில் போய் நிற்காதீர்கள். ஊர்ப்பெரியவர் ஒருவரோ வழக்கறிஞரோ பேசட்டும். நீங்கள் போய் வாக்குவாதமானால் சாட்சியை மிரட்டியதாகப் புதுப்புகார் வரும். பணம் கைமாறினால் எழுத்தில் இருக்கட்டும்.

வக்கீல் இல்லாமல் போகலாம் என்றால்

எல்லா வழக்குக்கும் வக்கீல் வேண்டும் என்பதல்ல. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாத குற்றங்களுக்கு, நேரில் வராமலே அபராதத்தைச் செலுத்தும்படி சிறப்பு சம்மன் வரும். அங்கே வக்கீலுக்குக் கொடுக்கும் தொகை அபராதத்தைவிடக் கூடிவிடும். சாதாரணப் போக்குவரத்துச் சலானும் அப்படித்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது இதில் சேராது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அங்கேயும் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு மணி நேர ஆலோசனை அவசியம்.

சிறை என்ற சொல் பிரிவில் இருக்கிறதா, அரசு வேலை, உரிமம், வெளிநாட்டுப் பயணம் இவற்றில் ஏதாவது பாதிக்கப்படுமா, சாட்சிகளை விசாரிக்க வேண்டியிருக்குமா என்று பாருங்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் தனியே போகலாம். உங்களுக்கு மூன்றுமே ‘ஆம்’. பாஸ்போர்ட்டை மட்டும் நினைத்து அதிகம் பயப்பட வேண்டாம்: வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதி வாங்கிக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறலாம்.

அம்மாவுக்குக் காசில்லாமல் வக்கீல் உண்டு

நீங்கள் கவனிக்காமல் விட்டது இது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவுப்படி, பெண் என்றாலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி. வருமான வரம்பு பார்ப்பதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அப்படியே. நீங்கள் ஆலைத் தொழிலாளி என்பதால் உங்களுக்கும் இடமிருக்கலாம். மேற்பார்வைப் பணி என்றால் பொருந்தாமல் போகலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழு அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் சம்மன், ஆதார் நகல்களோடு மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நாளைக்கே போங்கள்; வக்கீலை நியமிக்கச் சில நாட்கள் ஆகும்.

இலவச வக்கீல் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சை நம்பி ஒதுக்கிவிடாதீர்கள். சரியாக நடத்தவில்லை என்றால் ஆணைக்குழுவில் சொல்லி மாற்றலாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி வக்கீல் இருப்பதிலும் நியாயம் இருக்கிறது. “நான் விலக்கத்தான் போனேன், தள்ளியது மகன்” என்பது அம்மாவுக்கு நல்ல வாதம். அதை உங்களுக்கும் வாதாடும் அதே வக்கீல் சொல்ல முடியாது.

அம்மாவை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைக்கழிக்க வேண்டியதில்லை. வக்கீல் இருந்தால், வர முடியாத நாளில் அவர் மூலமாக மனு கொடுக்கலாம். கோர்ட்டில் இன்னும் பழைய எண்ணைச் சொல்லி ‘317 மனு’ என்பார்கள். புதிய சட்டத்தில் அது 355. முதல் நாளும், கேள்வி கேட்கும் நாளும், தீர்ப்பு நாளும் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் ஏற்பார்கள். மனு கொடுக்காமல் வராமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு ஆஜராகாமல் இருப்பதே ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம்.

25,000 ரூபாய் எதற்கு என்று கேளுங்கள்

தொகை கூடுதலா குறைவா என்பது அதில் என்னென்ன அடங்கும் என்பதைப் பொறுத்தது. ஒருவருக்கா இருவருக்கா, சமரச மனு வரைக்குமா, சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பு வரைக்குமா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா, உயர் நீதிமன்றம் போனால் யார், எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கட்டம் கட்டமாகக் கொடுப்பது வழக்கம்தான். முழு வழக்குக்கு இப்போது பணமில்லை என்றால், நகல்களைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் கட்டணம் பேசலாம். வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்துப் போட்ட பிறகு வேறு வக்கீலிடம் மாற முதலாமவரின் சம்மதம் கேட்பார்கள்; ஆகையால் கையெழுத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பேசிவிடுங்கள்.

“நிச்சயம் விடுதலை வாங்கித் தருகிறேன்” என்று உறுதி தருபவரிடமும், “கோர்ட்டில் கொஞ்சம் பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்” என்று தனியாகப் பணம் கேட்பவரிடமும் போகாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதற்கு பார் கவுன்சில் விதிகளே தடை.

உங்கள் எதிர்ப்புகாரையும் அந்த வக்கீலிடம் சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது புகார் பெற்றதற்கான ஒப்புகைதான். வழக்கு பதிவானதாக ஆகாது. ஆனாலும் அதன் தேதியும் எண்ணும், அன்றே நீங்களும் புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம். அசலைப் பத்திரமாக வையுங்கள்.

சம்மன் தேதியன்று

காலை 10 மணிக்கே நீதிமன்றத்தில் இருங்கள். சம்மன், ஆதார், புகைப்படம், பிணைப் பத்திரத்தின் நகல் கையில் இருக்கட்டும். பிணைதாரர் கேட்டால் வரத் தயாராக ஒருவரைச் சொல்லி வையுங்கள். அதற்குள் வக்கீல் அமையவில்லை என்றால், பெயர் கூப்பிட்டதும் முன்னே போய், “ஐயா, நாங்கள் ஏ-1, ஏ-2. வழக்கின் நகல்கள் வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அம்மாவுக்கு இலவச சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், ஏ.ஆர். காப்பி எல்லாம் 14 நாட்களுக்குள் இலவசமாகத் தரப்பட வேண்டியவை. வாங்கும்போது பக்கங்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குறைந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். அடுத்த வாய்தா தேதியைப் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு எழுதிக்கொண்டு, இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்கான 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அன்று மாலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.